பிக்கப் வண்டிகளின் கேபின் வகைகள்

பிக்கப் வண்டி என்பது முன்பகுதியில் ஓட்டுநர் கேபினும் பின்பகுதியில் திறந்த சரக்குப் பாடியும் கொண்ட இலகுரக வாகனம் ஆகும். கேபினின் நீளம், கதவுகளின் எண்ணிக்கை, இருக்கை வரிசை ஆகியவற்றைக் கொண்டு இது ஒற்றை கேபின் (சிங்கிள் கேப்), நீட்டித்த கேபின், இரட்டை கேபின் (டபுள் கேப்) என மூன்றாக வகைப்படுத்தப்படுகிறது. சரக்குக்கு மட்டுமே வாங்கப்பட்டு வந்த இவ்வண்டி, அண்மைக் காலத்தில் குடும்ப வாகனமாகவும் பயன்படுகிறது. தாம்பரம், பெருங்களத்தூர், முடிச்சூர், சேலையூர், மாடம்பாக்கம் போன்ற தென்சென்னைப் புறநகர்களில் குறுகிய தெருக்கள், மழைக்கால வெள்ளம், செங்கல்பட்டு மாவட்டத்து மண் பாதைகள் ஆகிய மூன்றையும் ஒரே வண்டி சமாளிக்க வேண்டியிருப்பதால், கேபின் தேர்வு முக்கியமானதாகிறது.

வகைகள்

ஒற்றை கேபின்: இரண்டு கதவுகள், ஒரே இருக்கை வரிசை. ஓட்டுநருடன் ஒருவர், சில வண்டிகளில் இருவர் அமரலாம். பாடி நீளமாக இருக்கும். இந்தியச் சாலைகளில் காணப்படும் பெரும்பாலான பிக்கப்புகள் இவ்வகையே. மகிந்திரா பொலிரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த் ஆகியவை நன்கு அறியப்பட்டவை.

நீட்டித்த கேபின்: முன் இருக்கைகளுக்குப் பின்னால் சிறிது இடம் கூடுதலாக இருக்கும். அதில் பை, கருவிகள் வைக்கலாம். சில நாடுகளில் மடக்கு இருக்கைகளும் பொருத்தப்படுகின்றன. பெரியவர்கள் நெடுந்தூரம் அமர்ந்து செல்ல அவை ஏற்றவை அல்ல. இந்தியாவில் இவ்வகை பரவலாகவில்லை.

இரட்டை கேபின்: நான்கு கதவுகள், இரண்டு முழு இருக்கை வரிசைகள், பொதுவாக ஐந்து பேருக்கு இடம். பாடி குட்டையானது. இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ், மகிந்திரா பொலிரோ கேம்பர், டாட்டா யோதா க்ரூ கேப் ஆகியவை இவ்வகையின.

வரலாறு

அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1957-இல் வெளியிட்ட டிராவலெட், தொழிற்சாலையிலேயே தயாரிக்கப்பட்ட தொடக்க கால இரட்டை கேபின் பிக்கப்புகளுள் ஒன்று. வேலையாட்களையும் கருவிகளையும் ஒரே வண்டியில் கொண்டு செல்வதே அதன் நோக்கம். டாட்ஜ் நிறுவனம் 1973-இல் கிளப் கேப் என்ற பெயரில் நீட்டித்த கேபினை அறிமுகப்படுத்தியது. இலங்கையில் அரசு அலுவலகங்களும் தொண்டு நிறுவனங்களும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருவதால் 'டபுள் கேப்' என்பது அங்கு அன்றாடப் பேச்சுச் சொல்லாகிவிட்டது.

இந்தியாவில் இசுசு நிறுவனம் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் அமைத்த தொழிற்சாலையும் வி-கிராஸ் வண்டியும் 2016-இல் வந்தன. குடும்பப் பயன்பாட்டுக்கான பிக்கப் என்ற எண்ணத்தை நாட்டில் பரவச் செய்ததில் இவ்வண்டிக்குப் பெரும் பங்குண்டு. டொயோட்டா ஹைலக்ஸ் 2022-இல் அறிமுகமானது.

கேபினும் பாடியும்

ஒரே அளவுச் சட்டகத்தின் மீது கேபினை நீட்டினால் அந்த நீளம் பாடியிலிருந்தே கழிக்கப்படும். இரட்டை கேபின் வண்டியின் பாடி சுமார் 1.5 மீட்டர் நீளமே இருக்கும். 100 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றின் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர் என்பதால், பின்கதவை மூடி அதை ஏற்ற முடியாது. எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் பலகையும் பின்னால் நீட்டிக்கொண்டே நிற்கும். கட்டுமானப் பொருள், நாற்றங்காலுக்கான செடி, தண்ணீர்த் தொட்டி போன்றவற்றை அடிக்கடி ஏற்றுவோருக்கு ஒற்றை கேபினே பொருந்தும்.

எடையிலும் இதே கணக்கு உண்டு. பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் கிடைப்பதே ஏற்றக்கூடிய எடை. ஆட்களின் எடையும் அதற்குள் அடங்கும். சராசரி 65 கிலோ எடையுள்ள ஐந்து பேர் அமர்ந்தால் 325 கிலோ ஆகிவிடும். மீதமுள்ளதே சரக்குக்கு. தோற்றத்தில் பெரிதாக இருக்கும் குடும்பப் பிக்கப், சிறிய ஒற்றை கேபின் வண்டியைவிடக் குறைந்த சரக்கையே ஏற்றும் நிலை இதனால் உண்டாகிறது.

குடும்பப் பயன்பாடு

குடும்பத்துக்கான பிக்கப்பில் முதலில் எண்ண வேண்டியது இருக்கை வார்களை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத குழந்தை இருக்கை வாரோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இன்றிப் பயணித்தால் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கப்படும். ஒற்றை கேபினில் குழந்தை இருக்கையை முன்பக்கமே பொருத்த வேண்டியிருக்கும். காற்றுப்பை இயங்கும் முன் இருக்கையில், பின்னோக்கிய குழந்தை இருக்கையை ஒருபோதும் வைக்கக் கூடாது. விபத்தின்போது விரியும் காற்றுப்பையே குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகிவிடும். எனவே சிறு குழந்தை உள்ள குடும்பத்துக்கு இரட்டை கேபின் ஒன்றே தகுந்தது.

இரட்டை கேபினுக்கும் குறைகள் உண்டு. பின்னிருக்கையின் முதுகுப்பகுதி பல வண்டிகளில் காரைவிட நிமிர்ந்து இருக்கும். பின்புறம் லீஃப் ஸ்பிரிங் கொண்ட வண்டிகள் சுமையின்றி ஓடும்போது குதிக்கும். ஏறும் உயரம் அதிகம் என்பதால் மூட்டு வலி உள்ள முதியோர் சிரமப்படுவர். வாங்கும் முன் வீட்டிலுள்ள அனைவரையும் பின்னிருக்கையில் அமர வைத்து, வேகத்தடைகள் நிறைந்த தெருவில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

பாடியில் ஆட்களை ஏற்றுதல்

ஒற்றை கேபின் வண்டியில் இடம் போதாதபோது, கோயில் திருவிழாவுக்கோ உறவினர் வீட்டு விசேஷத்துக்கோ குடும்பத்தினரைப் பாடியில் ஏற்றிச் செல்வது தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படும் வழக்கம். பாடியில் இருக்கையோ வாரோ கூரையோ இல்லை. திடீரென பிரேக் பிடித்தாலோ வண்டி கவிழ்ந்தாலோ அமர்ந்திருப்போர் தூக்கி எறியப்படுவர்.

இதன் சட்ட விளைவும் கடுமையானது. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் ஆஷா ராணி வழக்கில் 2002-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வழங்கிய உச்ச நீதிமன்றம், சரக்கு வாகனத்தில் இலவசமாகப் பயணிப்போருக்குக் கட்டாயக் காப்பீடு பொருந்தாது என்றது. சரக்கின் உரிமையாளரும் அவருடைய பிரதிநிதியும் இதற்கு விலக்கு. ஆகவே பாடியில் சென்ற உறவினர் இறந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு வண்டி உரிமையாளரின் தலையில் விழக்கூடும். "இரண்டு இருக்கை போதும், மற்றவர்கள் பின்னால் ஏறிக்கொள்வார்கள்" என்று கணக்கிட்டு ஒற்றை கேபின் வாங்குவது இக்காரணத்தால் தவறான முடிவாகும்.

தெருவும் நிறுத்துமிடமும்

வி-கிராஸ், ஹைலக்ஸ் ஆகிய இரண்டும் சுமார் 5.3 மீட்டர் நீளமும் 1.86 மீட்டர் அகலமும் கொண்டவை. தமிழ்நாட்டின் கட்டட விதிகளில் கார் நிறுத்துமிடத்தின் அளவு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒதுக்கப்பட்ட இடத்தில் இவ்வண்டிகளை நிறுத்தினால் சுமார் 30 சென்டிமீட்டர் வழியில் நீட்டிக்கொண்டிருக்கும். தூண்களுக்கிடையே திருப்புவதும் கடினம். ஜி.எஸ்.டி. சாலையில் பெரிய வண்டி சிக்கலாகத் தெரியாது. சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் போன்ற பகுதிகளின் உட்தெருக்களில், இருபுறமும் வண்டிகள் நின்றிருக்கும்போதே அதன் நீளம் புரியும். நிறுத்துமிடத்தை நாடாவால் அளந்த பிறகே முன்பதிவு செய்ய வேண்டும்.

கரடுமுரடான பாதை

இரட்டை கேபின் என்பதாலேயே ஒரு வண்டி கரடுமுரடான பாதைக்கு ஏற்றதாகிவிடாது. அத்திறனைத் தீர்மானிப்பவை வேறு.

தரை இடைவெளி: வண்டியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையிலான உயரம்.

சக்கர இடைவெளி: முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம். இது கூடினால் ஏரிக்கரை போன்ற மேட்டை ஏறிக் கடக்கும்போது வண்டியின் நடுவயிறு மேட்டில் தட்டும். வி-கிராஸ், ஹைலக்ஸ் ஆகியவற்றில் இது சுமார் 3.1 மீட்டர்.

பின் நீட்சி: பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பகுதியின் நீளம். பள்ளத்திலிருந்து ஏறும்போது இப்பகுதி முதலில் உரசும்.

நான்கு சக்கர இயக்கம்: சேற்றில் பின் சக்கரங்கள் சுழன்றாலும் முன் சக்கரங்கள் வண்டியை இழுக்கும். சுமையில்லாத பிக்கப்பின் பின்பகுதி இலேசானது என்பதால், இரு சக்கர இயக்கம் மட்டும் உள்ள வண்டி ஈரமண்ணில் எளிதில் சிக்கிக்கொள்ளும்.

ஒரே நிறுவனத்தின் ஒற்றை, இரட்டை கேபின் வண்டிகள் ஒரே சட்டகத்தில் அமைந்தால் இவற்றில் பெரிய வேறுபாடு இராது. இந்தியச் சந்தையில் ஒற்றை கேபின் வண்டிகள் பெரும்பாலும் இரு சக்கர இயக்கத்துடன் வருவதே நடைமுறை வேறுபாடு.

மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கம் நிலம் வைத்திருக்கும் புறநகர்க் குடும்பங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் களிமண் பாதையே உண்மையான சோதனை. மலைப்பாதைகளில், குறிப்பாக 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில், நீண்ட வண்டியின் திருப்பு வட்டம் சோர்வு தரும். வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகளில் அனுமதியின்றி நுழைவது குற்றம். கடற்கரை மணலில் ஓட்டினால், ஆண்டின் தொடக்க மாதங்களில் சென்னைக் கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைகளின் கூடுகள் நசுங்கும்.

வெள்ளம்

அடையாற்றில் 2015 டிசம்பரில் ஏற்பட்ட வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகள் மூழ்கின. மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், பள்ளிக்கரணை, வேளச்சேரி உள்ளிட்ட தென்பகுதிகளில் நீர் தேங்கியது. உயரமான பிக்கப் வாங்க இங்குள்ளோர் சொல்லும் முதல் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்கும் என்று அதன் நிறுவனம் குறிப்பிடுகிறது. இத்தகைய அளவு, அமைதியாக நிற்கும் நீரில் மெதுவாகச் செல்வதற்கானது. ஓடும் நீரின் கதை வேறு. வேகமாகப் பாயும் நீர் சுமார் 60 சென்டிமீட்டர் ஆழமிருந்தாலே எஸ்.யு.வி., பிக்கப் உட்படப் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லும் என அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை எச்சரிக்கிறது. நீருக்கடியில் திறந்து கிடக்கும் சாக்கடைக் குழி எந்த வண்டிக்கும் கண்ணில் படாது. கேபின் பெரிதானால் நீரைக் கடக்கும் திறன் கூடுவதில்லை. உள்ளே சிக்கும் உயிர்களின் எண்ணிக்கையே கூடும்.

பதிவும் உரிமமும்

தாம்பரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பதிவுக் குறியீடு டிஎன் 11. வி-கிராஸ், ஹைலக்ஸ் போன்றவற்றைச் சொந்தப் பயன்பாட்டு வாகனமாக வெள்ளைப் பலகையில் பதிவு செய்யலாம். சரக்கு வாகனமாகப் பதிவானவற்றுக்கு மஞ்சள் பலகையும், குறிப்பிட்ட இடைவெளிகளில் தகுதிச் சான்றும் தேவை. ஒரே நிறுவனத்தின் இரு வகைகள் வெவ்வேறு பிரிவில் வரக்கூடும் என்பதால், எந்தப் பிரிவில் பதிவாகும் என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் பெறுவது பாதுகாப்பானது. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்போர் 7,500 கிலோவுக்கு மிகாத மொத்த எடையுள்ள சரக்கு வாகனத்தையும் ஓட்டலாம் என உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது.

தேர்வு

தினமும் சரக்கும் எப்போதாவது ஒரு துணையும் என்றால் ஒற்றை கேபின் போதும். மூவருக்கு மேல் அடிக்கடி பயணிக்கும் வீட்டுக்கு இரட்டை கேபின் தேவை. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே பெரிய சரக்கு ஏற்ற வேண்டியிருப்பவர், அந்த நாட்களில் குட்டி யானை ஒன்றை வாடகைக்கு எடுத்துவிட்டு, குடும்பத்துக்குக் கார் வைத்துக்கொள்வது செலவிலும் நிறுத்துமிடத்திலும் சிக்கனமானது. எந்த வகையைத் தேர்ந்தாலும், வண்டியில் ஏறும் ஒவ்வொருவருக்கும் கேபினுக்குள் ஓர் இருக்கையும் ஒரு வாரும் இருக்க வேண்டும் என்பதே முதல் அளவுகோல். பாடியின் நீளம், சக்கர இயக்கம், விலை ஆகியவை அதற்கு அடுத்தே வரும்.