வைகைக் கரையும் மதுரையின் வெள்ளக்காப்பும்

மதுரையை வெள்ளத்திலிருந்து காப்பது என்றவுடன் ஆற்றின் கரையை உயர்த்துவதே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. மண் சுமந்த கதை வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் ஊரில் அது இயல்பே. ஆயினும் அக்கதையையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள சான்றுகளையும் நகரின் நீர்வழிகளோடு இணைத்து நோக்கினால், ஆற்றின் கரை இக்காப்பில் ஒரு பாதி மட்டுமே என்பது புலனாகும். மறுபாதி கண்மாய்களைச் சார்ந்தது. இதனை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

காவலும் பங்கும்

வருசநாட்டு மலைப்பகுதியில் தோன்றி ஏறத்தாழ 258 கி.மீ. ஓடும் வைகை, ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே காட்சியளிப்பது. மழைக்காலத்தில் சில மணி நேரத்திலேயே பெருகுவது. எனவே இங்கு நீரின் அளவைப்போலவே அதன் திடீர் வரவும் அச்சத்திற்குரியது. பரிபாடலின் 6ஆம் பாடல் கரை உடைந்த செய்தியைப் பறையறைந்து அறிவிக்க ஊரே ஆரவாரித்து எழுவதைக் காட்டுகிறது. அகநானூற்றின் 252ஆம் பாடலில், உறங்காத தாய்க்குப் பெருங்குளத்தைக் காக்கும் காவலன் உவமையாகிறான். கரைக்கும் குளத்திற்கும் காவல் தேவை என்பது கேட்போர் அனைவரும் அறிந்த செய்தியாக இருந்தாலன்றி இவ்வுவமை பொருள் தராது.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 61ஆவதாக அமைவது மண் சுமந்த படலம். வெள்ளம் கரையை உடைக்க, அரசன் ஆணையால் கரை அளக்கப்பட்டு நகர மக்களுக்குப் பங்கிடப்படுகிறது. பிட்டு விற்கும் முதியவளான வந்திக்கும் ஒரு பங்கு உண்டு. தன் பங்கை அடைக்க ஆள் இல்லாத அவள், பிட்டையே கூலியாகத் தந்து ஓர் ஆளை அமர்த்துகிறாள். அந்த ஆளாக வந்தவர் இறைவன். இப்படலம் பக்திச் சுவைக்காகவே மிகுதியும் படிக்கப்படுகிறது. அதன் நிருவாகச் செய்தி போதிய கவனம் பெறவில்லை. பிறர் பங்கெல்லாம் அடைபட்டும் வந்தியின் பங்கு அடைபடாதவரை நகருக்குக் காப்பில்லை. புராணத்தை வரலாற்று ஆவணமாகக் கொள்ள இயலாது. எனினும் இத்தகைய பங்கீட்டுமுறையைப் புலவரும் கேட்போரும் அறிந்திருந்தனர் எனக் கொள்ளத் தடையில்லை.

இவ்விடத்தில் 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தை ஒப்பிடலாம். வெள்ளத்தால் நேரும் கேட்டைத் தடுக்க ஆட்களைக் கட்டாயமாக அழைக்கவும், குடிமராமத்து எனும் வழக்காற்று உழைப்பை வலியுறுத்தவும் அது வழிவகுத்தது. ஆனால் வெள்ளக் காலத்தில் அழைக்கப்பட வேண்டியவர்கள் உழைக்கும் வகுப்பினரான ஆடவர் என அச்சட்டம் வரையறுத்தது. புராணத்தில் பங்கு நகரத்தார் அனைவருக்கும் உரியது. சட்டத்தில் கூலியாட்களுக்கு மட்டும் உரியது. பொதுக்கடமை ஒரு வகுப்பாரின் சுமையாகச் சுருங்கியதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

மாடக்குளக்கீழ் மதுரை

பாண்டியர் கல்வெட்டுகளில் இந்நகர் 'மாடக்குளக்கீழ் மதுரை' எனக் குறிக்கப்பெறுகிறது. ஆற்றால் புகழ்பெற்ற நகரொன்று குளத்தின் பெயரால் அடையாளம் பெறுவது கருதத்தக்கது. வைகையின் இருபுறமும் மாடக்குளம், செல்லூர், தல்லாகுளம், வண்டியூர், உலகநேரி எனக் கண்மாய்கள் அமைந்திருந்தன. மேற்கண்மாய் நிறைந்ததும் கலிங்கு வழியாக வழியும் நீர் மறுகாலில் ஓடி அடுத்த கண்மாயை அடையும்; கடைசியில் எஞ்சுவதே ஆற்றில் கலக்கும். பாசனத்திற்கென அமைந்த இத்தொடர், மழைநீர் ஒரே நேரத்தில் நகரில் வந்து குவியாதபடி தாமதப்படுத்தவும் செய்தது.

1959இல் வைகை அணை பயன்பாட்டுக்கு வந்தபின் ஆற்றின் வெள்ளம் ஓரளவு கட்டுக்குள் வந்தது. எனினும் மஞ்சளாறு, மருதாநதி முதலியவற்றின் நீர் அணைக்குக் கீழேயே வந்து சேர்வதால் அக்காப்பு முழுமையானதன்று. இதற்கிடையே தல்லாகுளக் கண்மாய்ப் பகுதியில் மாநகராட்சி அலுவலகமும், உலகநேரிப் பகுதியில் உயர்நீதிமன்றக் கிளையும் எழுந்தன. கண்மாயை மேடாக்கித் தனியார் வீடு கட்டினால் அதற்கு ஆக்கிரமிப்பு என்று பெயர். அரசு கட்டினால் வளர்ச்சி என்று பெயர். தண்ணீருக்கு இவ்வேறுபாடு தெரியாது.

2024 அக்டோபர் 25 அன்று பிற்பகலில் பெய்த பெருமழையில் செல்லூர்க் கண்மாய் நிரம்பி வழிந்தது. செல்லூர், பீபீகுளம் முதலிய வடகரைக் குடியிருப்புகளில் நீர் புகுந்தது. வைகை கரை உடைந்து வந்த நீரன்று அது. கண்மாயின் உபரிநீரை ஆற்றுக்குக் கொண்டுசெல்லும் பந்தல்குடிக் கால்வாயால் அத்தனை நீரையும் தாங்க இயலவில்லை. இத்தகைய வெள்ளத்திற்கு ஆற்றோரச் சுவர் மருந்தாகாது. கால்வாய்கள் ஆற்றில் இறங்கும் வாய்களை அச்சுவர் குறுக்குமாயின் உள்நீர் வெளியேறுவது மேலும் தாமதப்படும். கால்வாயின் அகலமும், கலிங்கின் மட்டமும், கண்மாயின் ஆழமும் சேர்த்தே கணக்கிடப்பட வேண்டும்.

இதில் தமிழாய்வாளர்க்கும் பணி உண்டு. குளம், ஏந்தல், நேரி என முடியும் ஊர்ப்பெயர்களையும் தெருப்பெயர்களையும், கல்வெட்டுகளின் எல்லைக் குறிப்புகளையும், பழைய நிலப்பதிவேடுகளையும் ஒருங்கே தொகுத்து இன்றைய வரைபடத்தில் இட்டால், மறைந்த மறுகால்களின் தடம் ஓரளவேனும் மீளும். ஆவணி மூலத் திருவிழாவில் பிட்டுத் திருவிழா நடைபெறும் புட்டுத்தோப்பு வைகைக் கரையில்தான் உள்ளது. கணக்கெடுப்பை அங்கிருந்தே தொடங்கலாம்.