50 மணி நேரம் முடிந்ததும் கட்சிக்காரர் எங்கே போவார்?

நியூயார்க் மாநிலத்தில் வக்கீலாகப் பதிவு செய்ய, பார் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. ஏழைகளுக்காகவோ பொதுநலனுக்காகவோ 50 மணி நேரம் சட்டப் பணி செய்திருக்க வேண்டும். 2012இல் அறிவிக்கப்பட்ட இந்த விதி 2015 ஜனவரி முதல் கட்டாயம். வீடு கட்டித் தருவது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது, தேர்தல் பிரசாரம் எதுவும் கணக்கில் சேராது. இங்கிருந்து எல்.எல்.எம். படிக்கப் போய் அங்கே பதிவு செய்பவர்களுக்கும் இதே விதிதான். சென்னையில் செய்த பணியைக்கூட, இங்குள்ள வக்கீல் மேற்பார்வையிட்டுச் சான்றளித்தால் காட்டலாம்.

தேவை இருக்கிறது. குற்ற வழக்கில் சிக்கிய ஏழைக்கு அரசே ஒரு வக்கீலை வைத்துத்தர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963லேயே சொல்லிவிட்டது. சம்பளப் பாக்கி, விவாகரத்து போன்ற சிவில் வழக்குகளில் அப்படிப் பொதுவான உரிமை கிடையாது.

ஆனால் இந்தப் பணியைப் படிக்கும்போதே செய்யும் மாணவருக்குக் கல்லூரிப் பருவம் நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும். வாரம் நான்கு மணி நேரம் வந்தால் 13 வாரத்தில் கணக்குத் தீர்ந்தது. புகலிடம் கேட்பவரின் வழக்கோ வாய்தா மேல் வாய்தாவாக ஆண்டுக்கணக்கில் இழுக்கும். சொந்த ஊரில் தன்னை அடித்துச் சித்திரவதை செய்ததை அவர் ஒரு மாணவியிடம் அழுதுகொண்டே சொல்லி முடித்திருப்பார். அடுத்த பருவத்தில் புது மாணவர் வந்து முதலிலிருந்து கேட்பார். இரண்டு வாக்குமூலத்திலும் தேதி மாறினால், எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். மேற்பார்வை வக்கீல் கவனிக்க மாட்டாரா? கவனிப்பார், தன் மேசையில் குவிந்துகிடக்கும் மற்ற வழக்குக் கட்டுகளுக்கு நடுவே.

மாணவர் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரம் மணிக்கணக்கையும் பணியின் தன்மையையும்தான் கேட்கிறது. கட்சிக்காரரின் கதி என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை.

தொண்டு செய்யும் பழக்கம் இளவயதிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பது ஆதரவாளர்களின் வாதம். கலிபோர்னியாவில் 2016இல் இதே போன்ற மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியும், மாணவர்களின் செலவுச் சுமையைக் காட்டி ஆளுநர் நிராகரித்துவிட்டார்.

நியூயார்க்கிலேயே இன்னொரு வழியும் உண்டு. விருப்பமுள்ளவர்கள் இறுதியாண்டு பிப்ரவரியில் பார் தேர்வை எழுதிவிட்டு, 12 வாரம் முழுநேரமும் இலவசச் சட்டப் பணியில் இருக்கலாம். 50 மணி நேர விதியிலும் ஒரு திருத்தம் வேண்டும்: வழக்குக் குறிப்பை எழுதி, அடுத்த மாணவரைக் கட்சிக்காரருக்கு நேரில் அறிமுகப்படுத்திய பிறகே மேற்பார்வை வக்கீல் கையெழுத்திட வேண்டும்.