சேர்வருக்குக் கேட்காத தட்டச்சு

திருகோணமலை அன்புவழிபுரத்தில் ஒரு பிள்ளை புலமைப்பரிசில் விண்ணப்பமொன்றைக் கைபேசியில் நிரப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அடையாள அட்டை இலக்கத்தைப் பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டும். பெறுபேற்றுத் தாளைப் படமெடுத்து அளவு குறைக்க வேண்டும். இந்தக் கற்கைநெறியை ஏன் தெரிவு செய்தீர்கள் என்று கேட்கும் பெட்டிக்குள் முந்நூறு சொற்கள் எழுத வேண்டும். முக்கால் மணி நேரம் கழித்து ‘சமர்ப்பி’யை அழுத்தினால், ‘செஷன் முடிந்துவிட்டது, மீண்டும் உள்நுழையவும்’ என்று வருகிறது. உள்நுழைந்தால் எல்லாப் பெட்டியும் வெறுமை. நெற் சரியில்லை என்பார் ஒருவர், நீ சுணங்கிவிட்டாய் என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டுமே காரணமல்ல. பிள்ளை முழு நேரமும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. தளத்தை நடத்தும் கணினியான சேர்வருக்குத்தான் அது தெரியவில்லை.

வலைத்தளங்கள் பேசும் எச்.டி.டி.பி. என்ற நெறிமுறைக்கு ஞாபகம் கிடையாது. ஒரு கேள்வி போகும், ஒரு பதில் வரும், அத்தோடு உறவு முடிந்தது. அடுத்த கேள்வியைக் கேட்பவர் அதே ஆள்தானா என்று அதற்குத் தெரியாது. இந்தக் குறையை நிரப்ப 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுலி உருவாக்கியதுதான் குக்கி. ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் தரும் இலக்கத் துண்டைப் போன்றது அது. உள்நுழைந்ததும் சேர்வர் ஊகிக்க முடியாத நீண்ட இலக்கமொன்றைத் தருகிறது. உலாவி ஒவ்வொரு கேள்வியோடும் அதைக் காட்டுகிறது. துண்டு காட்டப்படாமல் குறித்த நேரம் கழிந்தால், ஆள் போய்விட்டார் என்று சேர்வர் முடிவு செய்கிறது. துண்டு செல்லுபடியாகும் அந்தக் காலமே செஷன். சிக்கல் இங்கேதான். பெட்டிக்குள் நாம் அடிக்கும் எழுத்துகள் ‘சமர்ப்பி’யை அழுத்தும்வரை கைபேசியிலேயே கிடக்கின்றன. சேர்வருக்குப் போகும் கேள்வி எதுவுமில்லை. ஆகவே முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் எழுதியவரும் கைபேசியை மேசையில் வைத்துவிட்டுத் தூங்கியவரும் அதன் கணக்கில் ஒருவரே. அந்தக் கால எல்லையும் விண்ணப்பத்தின் நீளத்தைப் பார்த்து வைத்ததல்ல. பி.எச்.பி. மொழியில் வழமையான அளவு 1440 வினாடிகள், அதாவது 24 நிமிடங்கள். தளங்களை இயக்கும் மற்ற மென்பொருள்களான ஏ.எஸ்.பி.நெற்றில் 20 நிமிடங்கள், டொம்கற்றில் 30. மென்பொருளோடு வந்த எண்ணை யாரும் மாற்றாமல் விட்டால், தமிழில் முந்நூறு சொற்களைக் கைபேசியில் அடிக்கக் கிடைக்கும் நேரத்தையும் அந்த எண்ணே தீர்மானிக்கிறது.

அப்படியானால் செஷனை நாட்கணக்கில் நீட்டிவிடலாமே என்று கேட்கலாம். கூடாது. அந்தத் துண்டு யார் கையில் இருக்கிறதோ அவரே உரியவர் என்று சேர்வர் நம்புகிறது. கடவுச்சொல்லை மறுபடி கேட்பதில்லை. 2010 ஒக்டோபரில் எரிக் பட்லர் வெளியிட்ட ‘ஃபயர்ஷீப்’ என்ற சிறு நிரல் இதைப் பட்டவர்த்தனமாக்கியது. திறந்த வைபையில் அருகிலிருப்பவரின் பேஸ்புக் குக்கியைப் பிடித்து, ஒரே அழுத்தலில் அவராகவே உள்ளே போக முடிந்தது. தளங்கள் முழுமையாக மறைகுறியாக்கத்துக்கு மாறிய பிறகு அந்த வழி பெருமளவு அடைபட்டது. ஆனால் கொமினிகேஷன் கடைக் கணினியில் வெளியேறாமல் எழுந்து போகிறவருக்கு மறைகுறியாக்கம் உதவாது. அடுத்து அமர்பவர் கைக்கு அந்தத் துண்டு போகிறது. அங்கே காலாவதிதான் காவல். ஆகவே அனுமதி காலாவதியாகட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. அதனோடு சேர்த்து எழுதியதையும் அழிப்பதைத்தான் ஏற்க முடியாது. அனுமதி தளத்தினுடையது, எழுத்து எழுதியவருடையது.

எழுதியதைச் சேமித்து வைப்பதும் ஆபத்தல்லவா, அடையாள அட்டை இலக்கம் கடைக் கணினியில் தங்கிவிடாதா என்பது நியாயமான கேள்வி. உலாவிக்குள் சேமித்தால் தங்கும்தான். அதனால் வரைவைச் சேர்வருக்கு அவ்வப்போது அனுப்பி, அதே கணக்கில் மீண்டும் உள்நுழைந்தவருக்கு மட்டும் காட்ட வேண்டும். இப்படிச் செய்தால் எழுதுபவர் விழித்திருக்கிறார் என்ற செய்தியும் சேர்வருக்குத் தானாகப் போய்விடும். இது புதுமையான யோசனையுமல்ல. வலைத்தளங்களை எல்லோருக்கும் அணுகத்தக்கதாக்கும் டபிள்யூ.சி.ஏ.ஜி. வழிகாட்டி, நேரம் முடியுமுன் எச்சரித்து, நீட்டிக்கக் குறைந்தது 20 வினாடிகளாவது தரச் சொல்கிறது. மீண்டும் உள்நுழைந்தவர் எதையும் இழக்காமல் தொடர வேண்டும் என்பது அதன் மிக உயர்ந்த படியில் உள்ள விதி. பார்வை குறைந்தவர்களையும் விரல் நடுங்குபவர்களையும் எண்ணி எழுதிய விதிகள் இவை. மின்வெட்டு நேரத்தில் ரவுட்டர் அணைந்து மொபைல் டேட்டாவுக்கு மாறுகிறவருக்கும் அவை பொருந்தும். ஏனெனில் அப்போது இணைய முகவரியும் மாறும், அதைச் சந்தேகித்துச் செஷனை முடித்துவிடும் தளங்களும் உண்டு.

நீண்ட பதிலை முதலில் குறிப்புச் செயலியில் எழுதி ஒட்டுவது நல்ல தற்காப்பு. ஆனால் அதை மறந்து சில வேளை மாட்டிக்கொள்வோம். ‘செஷன் முடிந்துவிட்டது’ என்ற செய்தி வந்துவிட்டால் உடனே பக்கத்தை மீள ஏற்றாதீர்கள். பின்செல்லும் அம்பை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பல வேளைகளில் உலாவி பழைய பக்கத்தை எழுத்தோடு வைத்திருக்கும். எழுத்தை நகலெடுத்த பிறகே வேறொரு தாவலில் உள்நுழையுங்கள். பழைய படிவத்தை அப்படியே அனுப்பினால் நிராகரிக்கப்படலாம், ஏனெனில் போலிச் சமர்ப்பிப்பைத் தடுக்க அதற்குள் பழைய செஷனுக்குரிய மறைகுறி ஒன்று இருக்கும். புதிய படிவத்தில் ஒட்டுவதே உறுதி. உள்நுழைந்த மறுகணமே வெளியே தள்ளினால் காரணம் வேறு: குக்கி தடுக்கப்பட்டிருக்கலாம், கைபேசியின் திகதி பிழையாக இருக்கலாம். அந்த ஒரு தளத்தின் குக்கியை மட்டும் அழித்து, நேரத்தைத் தானியங்கி அமைப்பில் விட்டுப் பாருங்கள்.

டபிள்யூ.சி.ஏ.ஜி.யில் இன்னொரு விதியும் இருக்கிறது. பயனர் எதுவும் செய்யாவிட்டாலும் தரவை 20 மணி நேரத்துக்கு மேல் காத்து வைக்கும் தளம், காலாவதி பற்றி எச்சரிக்கத் தேவையில்லை என்கிறது அது. அப்படியொரு தளத்தில் இரவு 8 மணிக்கு அன்புவழிபுரத்தில் மின்சாரம் போனாலும், மறுநாள் பின்னேரம் 4 மணிக்குக் கொமினிகேஷன் கடையில் உள்நுழையும் பிள்ளைக்கு அந்த முந்நூறு சொற்களும் அப்படியே இருக்கும்.