பழமையின் பெயரால் பிறந்த புதுமைகள்

நெடுங்கால மரபுடைய ஒரு சமயத்தின் உள்ளிருந்தோ விளிம்பிலிருந்தோ அண்மைக் காலத்தில் கிளைத்து, தமக்கெனத் தனியான தலைமையையும் போதனையையும் ஒழுக்க விதிகளையும் வகுத்துக்கொண்ட குழுக்களைச் சமயவியல் ஆய்வாளர் ‘புதிய சமய இயக்கங்கள்’ என்று அழைக்கின்றனர். அண்மைக் காலம் என்பது இங்கே பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு முதலான காலத்தையே குறிக்கும். இவ்வியக்கங்களுள் தன்னைப் புதியது என்று ஒப்புக்கொள்வது அரிது. மறைந்துபோன தூய பழமையை மீட்பதாகவே ஒவ்வொன்றும் கூறிக்கொள்கிறது. ஆனால் அந்தப் பழமையை ஏந்தி வரும் அச்சகம், சங்கம், மேடைப் பேச்சு, ஞாயிறு வகுப்பு ஆகியன அனைத்தும் புதியவையாக இருக்கின்றன. கொழும்பு நகரின் கொட்டாஞ்சேனையையும் வெள்ளவத்தையையும் இதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராம விகாரையில் வாழ்ந்த மிகெட்டுவத்தே குணானந்த தேரர், 1862இல் பௌத்தத்தைப் பரப்புவதற்கென ஒரு சங்கத்தை நிறுவியபோது, அதன் ஆங்கிலப் பெயரை நற்செய்தி பரப்பும் ஆங்கிலிக்கன் சங்கம் ஒன்றின் பெயரை ஒட்டியே அமைத்தார். மிஷனரிமார் துண்டுப் பிரசுரம் வெளியிட்டால் அவரும் வெளியிட்டார். அவர்கள் பொது மேடையில் வாதிட்டால் அவரும் மேடையேறினார். 1873 ஆகஸ்டில் பாணந்துறையில் வெஸ்லியன் போதகர் டேவிட் டி சில்வா முதலியோருடன் அவர் நிகழ்த்திய விவாதம் ஆங்கிலத்தில் நூலாகி அமெரிக்கா வரை சென்றது. அதனால் ஈர்க்கப்பட்டவர்களுள் ஒருவர், 1875இல் நியூயார்க்கில் பிளவாட்ஸ்கி அம்மையாருடன் பிரம்மஞான சபையை நிறுவிய கேணல் ஒல்கொட். எல்லாச் சமயங்களுக்கும் அடியில் ஒரே மறைஞானம் உண்டு என்பது அச்சபையின் கொள்கை. 1880 மே மாதம் இலங்கை வந்திறங்கிய ஒல்கொட், சில நாட்களுக்குள் காலியில் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார். மறு ஆண்டே பௌத்த வினாவிடை நூல் ஒன்றையும் எழுதி வெளியிட்டார். கிறிஸ்தவச் சிறுவர்கள் மனனம் செய்யும் ஞானோபதேச நூலின் வடிவத்தையே அது பின்பற்றியது.

இப்போட்டி எப்போதும் ஏட்டளவில் நிற்கவில்லை. 1883 மார்ச் 25ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தீபதுத்தாராம விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம், அண்மையிலுள்ள புனித லூசியா பேராலயத்தைச் சூழ வாழ்ந்த கத்தோலிக்கரால் தாக்கப்பட்டது, உயிரிழப்பும் நேர்ந்தது. குற்றவாளிகள் தண்டிக்கப்படாமையால் கொதித்த பௌத்தரின் சார்பில் ஒல்கொட் 1884இல் லண்டன் சென்று குடியேற்ற நாட்டு அலுவலகத்தில் முறையிட்டார். அடுத்த ஆண்டு வெசாக் தினம் அரச விடுமுறையாயிற்று. இன்று உலகெங்கும் அறியப்படும் பௌத்தக் கொடியும் அதே ஆண்டு ஏப்ரல் 28ஆம் திகதி அந்த விகாரையிலேயே முதன்முதலில் ஏற்றப்பட்டது. தொன்மையான கொடி என்று பலர் நம்பும் அது, கொழும்புக் குழுவொன்று தீட்டியதேயாகும். மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1970இல் இந்தப் பௌத்தத்தைப் ‘புரட்டஸ்தாந்து பௌத்தம்’ என்று பெயரிட்டார். புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுந்த அது, அதன் வழிமுறைகளையே தனதாக்கிக்கொண்டது என்னும் இருபொருளும் அப்பெயரில் அடங்கும்.

சைவத் தமிழர் இதைச் சிங்களவரின் கதை என்று ஒதுக்கிவிட இயலாது. யாழ்ப்பாண வெஸ்லியன் பாடசாலையில் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கு உதவிய ஆறுமுக நாவலர் (1822–1879), 1847 இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பின்னர் அச்சகம் அமைத்துச் சைவ வினாவிடைகளை வெளியிட்டார். இவ்வாறு மிஷனின் கருவிகளை எடுத்தாண்ட நாவலரே, சைவத்துக்குள் எழுந்த புதுமையைக் கடுமையாக மறுத்தவரும் ஆவார். வடலூரில் சாதி பேதமற்ற சன்மார்க்கத்தையும் சோதி வழிபாட்டையும் போதித்த இராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867இல் ‘திருவருட்பா’ என்ற பெயரில் வெளிவந்தபோது, திருமுறைகளுக்கு உரிய தகுதி அவற்றுக்கு இல்லை என வாதிட்டு அவர் தொடங்கிய போர் நீதிமன்றம் வரை சென்றது. பாடல்களின் தரத்தைவிட, அருள்வாக்கு என்பது பழைய அடியாரோடு முடிந்துவிட்டதா, இன்றும் தொடர்கிறதா என்பதே இருவரையும் பிரித்த கேள்வி. புதிய இயக்கம் ஒன்று தோன்றும் இடங்களில் எல்லாம் இக்கேள்வி தலைதூக்குகிறது.

வெள்ளவத்தையில் தன் பெயராலேயே ஒரு வீதியைக் கொண்டிருக்கும் இராமகிருஷ்ண மிஷன் இத்தகைய பெரும் எதிர்ப்பைச் சந்திக்கவில்லை. சுவாமி விவேகானந்தர் மேலைநாடுகளிலிருந்து திரும்பி 1897 ஜனவரி 15ஆம் திகதி கொழும்பில் இறங்கினார். மிஷன் கல்கத்தாவில் நிறுவப்பட்டது அவ்வாண்டு மே மாதத்தில்தான் என்பதால், இயக்கத்துக்கு முன்பே அதன் குரல் கொழும்புக்கு வந்துவிட்டது எனலாம். ஆயினும் விவேகானந்தரின் அத்வைதம், உயிரும் பிரமமும் ஒன்றே என்பது. ஈழத்துச் சைவர் போற்றும் சித்தாந்தமோ பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்றும், முத்தியிலும் உயிர் இறைவனாகிவிடாது என்றும் கூறுவது. இவ்வளவு ஆழமான வேறுபாடு இருந்தும் பிணக்கு பெரிதாகாமைக்கு, காரைதீவில் பிறந்து மிஷன் துறவியான சுவாமி விபுலாநந்தர் போன்றோரின் கல்விப் பணியும் தமிழ்ப் பணியும் பெருங்காரணமாயின. பாடசாலை நடத்துபவரிடம் தத்துவ வழக்காடப் பெற்றோர் எவரும் முன்வருவதில்லை. வேடிக்கை என்னவென்றால், மேற்கு வங்கத்தில் தன் கல்லூரிகளைக் காத்துக்கொள்ளும் பொருட்டு, தான் இந்து சமயத்திலிருந்து வேறான சிறுபான்மைச் சமயம் என்று மிஷன் வாதிட்டதும், 1995இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்ததும் வெள்ளவத்தை அடியார் பலருக்குத் தெரியாது.

கொழும்பு ஏற்றுமதி செய்த இயக்கமும் ஒன்று உண்டு. கேரளத்தில் இந்துக் குடும்பத்தில் பிறந்து கொழும்புக்கு வந்து கிறிஸ்தவரான பாஸ்டர் பால் 1920களில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், பின்னர் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு பல நாடுகளுக்குப் பரவியது. வெள்ளுடை, திருமணம் துறந்த ஊழியர்கள், அவர்கள் கூடி வாழும் விசுவாச வீடுகள், மருந்தை நாடாமல் செபத்தால் குணமடைதல் ஆகியன அதன் அடையாளங்கள். அப்போஸ்தலர் காலத்துச் சபைக்குத் திரும்புவதாக அது கூறிக்கொண்டாலும், ஊழியரின் துறவு வாழ்வில் இந்திய மடங்களின் சாயலைக் காணாமல் இருக்க முடியாது.

இங்கே இயக்கங்களை இரு வகையாகப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும். சத்திய சாயி பாபாவின் பக்தர் பஜனைக்குச் செல்வதால் கோயிலைக் கைவிட வேண்டியதில்லை. 1966இல் நியூயார்க்கில் தொடங்கிய ஹரே கிருஷ்ண இயக்கத்தின் ஆலயம் கொழும்பு 13 புதுச்செட்டித் தெருவில் இருக்கிறது. உறுதியான உறுப்பினருக்கு அது கடும் விதிகளை வைத்தாலும், வழிபட வரும் சைவரிடம் எதையும் விடச் சொல்வதில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் இந்துக்களும் பௌத்தரும் செல்லும் வழக்கம் உள்ள நகரில் இவ்வகைச் சேர்க்கை எளிதில் ஏற்கப்படுகிறது. பெந்தெகொஸ்தே சபைகள் கேட்பதோ முழு விலகல்: பொட்டு அழிய வேண்டும், நகை கழல வேண்டும், படைத்த பிரசாதம் கையில் வாங்கப்படக் கூடாது. சண்டை மூள்வது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையோடுதான்.

சட்டமும் அப்பக்கமே திரும்பியது. சமயத்தைப் பரப்புவது அரசியலமைப்பு உறுதிசெய்த உரிமையன்று என இலங்கை உயர் நீதிமன்றம் 2003இல் கூறியது. 2004இல் முன்வைக்கப்பட்ட மதமாற்றத் தடைச் சட்டமூலத்தின் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என அதே நீதிமன்றம் கண்டதால் அது நிறைவேறவில்லை. புதிய வழிபாட்டிடங்களுக்கு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, நடைமுறையில் வாடகை வீடுகளில் கூடும் சிறு சபைகளையே அதிகம் பாதித்தது.

சுற்றறிக்கை எட்டாத சிக்கல் ஒன்று வீட்டுக்குள் இருக்கிறது. தாயும் தந்தையும் சைவராகவே இருக்க மூத்த மகன் மட்டும் சபையில் சேர்ந்துவிட்ட குடும்பங்களில், கிரியை செய்து கொள்ளி வைப்பது யார் என்பது சாவீட்டில் எழும் முதற்கேள்வியாகிறது. மகன் மறுக்கும்போது பெறாமகனோ மருமகனோ அந்த இடத்தில் நிற்க, மகன் கிரியை முடியும் வரை வாசலில் தன் சபையாரோடு காத்திருந்துவிட்டு, பாடை எழுந்ததும் தோள் கொடுக்க வருகிறான்.