அடிக்குறிப்பிலிருந்து மூலநூலுக்கு

“சீகன்பால்கு இவ்வாறு கூறுகிறார்” எனத் தொடங்கும் வாக்கியங்களை இறையியல் மாணவரின் ஆய்வேடுகளிலும், சிலவேளைகளில் பிரசங்கங்களிலும் சந்திக்கிறோம். கீழே ஓர் அடிக்குறிப்பு நிற்கும்: சீகன்பால்கு, தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி, ஆங்கில மொழிபெயர்ப்பு, சென்னை, 1869, பக்கம் இன்னது. பார்வைக்குக் குறை ஏதுமில்லை. ஆயினும் சீகன்பால்கு 1719இல் தரங்கம்பாடியில் மரித்தவர். அவர் மரித்து 150 ஆண்டுகள் கழிந்து வெளிவந்த நூலின் சொற்கள் யாருடையவை என்னும் வினா, அந்த ஆண்டைக் கண்டவுடனேயே நம் உள்ளத்தில் எழவேண்டும்.

விடை நூலின் தலைப்புப் பக்கத்திலேயே உள்ளது. சீகன்பால்கு அந்நூலை 1713இல் ஜெர்மன் மொழியில் எழுதினார். அவர் வாழ்நாளில் அது அச்சேறவில்லை. 1867இல் கெர்மான் என்பவர் தம் குறிப்புகளையும் சேர்க்கைகளையும் கூட்டிச் சென்னையில் பதிப்பித்தார். அதனை மெட்ஸ்கர் என்பவர் ஆங்கிலத்தில் தாராளமாக மொழிபெயர்த்து, மேலும் சில செய்திகளைச் சேர்த்து 1869இல் வெளியிட்டார். ஆகவே அந்நூலின் ஒரு வாக்கியத்தில் மூவரின் கை இருக்கக்கூடும். 1713ஆம் ஆண்டின் மூலபாடத்தை தானியேல் ஜெயராஜ் ஆராய்ந்து 2003இல் ஹாலே நகரில் பதிப்பித்தார். அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு 2005இல் வந்தது. ஜெர்மன் அறியாத மாணவரும் இன்று 1869ஆம் ஆண்டு நூலையும் 2005ஆம் ஆண்டு நூலையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். இச்சிறு உழைப்பை மேற்கொள்ளாதவர், தமிழரின் சமயத்தைக் குறித்து முதற் சீர்திருத்தத் திருச்சபை மிஷனெரி கொண்டிருந்த கருத்து என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கருத்தை எழுதிவிடக்கூடும். மரித்தவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை என்பதாலேயே இதில் நமக்குப் பொறுப்பு மிகுதி.

இனி அந்நூலைத் தேடிப் பல்கலைக்கழக நூலகத்துக்குள் நுழைவோம். மிஷனெரி எழுதிய நூலாயிற்றே என்று மிஷன் வரலாற்று அலமாரிக்கு முன் போய் நிற்பது இயல்பு. டூயி பகுப்புமுறையில் அது 266. ஆனால் நூலின் பொருள் இந்து சமயம்; ஆதலால் அது 294.5 என்னும் எண்ணின்கீழ் வேறொரு வரிசையில் இருக்கக்கூடும். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் நியமனம் பெற்ற ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையிலும் இவை தனித்தனியே நிற்கின்றன: கிறிஸ்தவத்துக்கு கியூ 6, வேதகாலத்துக்குப் பிற்பட்ட இந்து சமயத்துக்கு கியூ 2. அலமாரியை மட்டும் பார்த்துவிட்டு “நூல் இல்லை” என்று திரும்புவோர் பலர். முதலில் பட்டியலைப் பார்க்க வேண்டும். அட்டையாயினும் கணினியாயினும் ஆசிரியர் பெயரிலும் பொருளிலும் தனித்தனியே தேடவேண்டும்.

பெயர்களும் நம்மை அலைக்கழிக்கும். சீகன்பால்கின் காலத்து ஐரோப்பியர் தமிழை “மலபார் மொழி” என்றனர்; அக்காலத் தலைப்புகளில் மலபார் என்று காண்பதெல்லாம் கேரளத்தைக் குறித்ததென்று ஒதுக்கிவிடலாகாது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் ஒருவரே என மயங்கியவர்களும் உண்டு. முன்னவர் 1774இல் பிறந்தவர், பின்னவர் 1826இல் பிறந்தவர். பட்டியலில் பெயரை அடுத்து நிற்கும் ஆண்டுகள் இம்மயக்கத்தைத் தீர்ப்பதற்கென்றே இடப்பட்டவை.

அடிக்குறிப்பு சுட்டுவது நூலையா கட்டுரையையா என்று முதலில் துணிய வேண்டும். மேற்கோள் குறிக்குள் ஒரு தலைப்பும், அதையடுத்துச் சாய்ந்த எழுத்தில் மற்றொரு தலைப்பும் இருப்பின் பெரும்பாலும் முன்னது கட்டுரை, பின்னது இதழோ தொகுப்போ ஆகும். நூற்பட்டியலில் பெரும்பாலும் பின்னதே அகப்படும்.

எழுத்துச் சுருக்கங்களில் இரண்டை மட்டும் இங்கே குறிப்பிடுவேன். லூத்தரைக் குறித்த நூல்களில் வரும் ‘டபிள்யூ. ஏ.’ என்பது 1883இல் தொடங்கிய வைமார் பதிப்பு. ‘18, 600’ என்றால் பதினெட்டாம் தொகுதி, அறுநூறாம் பக்கம். சித்தத்தின் அடிமைத்தனத்தைப் பற்றிய 1525ஆம் ஆண்டு நூல் அங்கே தொடங்குகிறது. அதே எழுத்துகளுடன் ‘டி. ஆர்.’ சேர்ந்திருந்தால் அது மேசைப் பேச்சுத் தொகுதி. அதிலுள்ளவை லூத்தர் எழுதியவை அல்ல, உடனிருந்தோர் கேட்டுக் குறித்தவை. இரண்டுக்கும் ஒரே எடை கொடுத்து வாதிடுவது தகாது. மற்றொன்று, மீன்யே பதிப்பித்த லத்தீன் பிதாக்கள் வரிசையைக் குறிக்கும் ‘பி. எல்.’ அங்கே தொகுதி எண்ணை அடுத்து வருவது பக்க எண் அன்று, பத்தி எண். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்திகள் தனித்தனி எண்ணுடன் அச்சிடப்பட்டுள்ளன.

“மேலது” என்னும் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டுரையைத் திருத்தும்போது இடையில் புதிய குறிப்பொன்றைச் செருகினால், அதையடுத்த “மேலது” வேறொருவரைச் சுட்டத் தொடங்கிவிடும். எழுதி முடிக்கும்வரை ஆசிரியர் பெயரை ஒவ்வொரு முறையும் முழுமையாக எழுதிவருவதே பாதுகாப்பு.

எவ்வளவு தேடியும் மூலம் கிடைக்காமற் போவதுண்டு. அப்போது நாம் கண்ட நூலையே வெளிப்படையாகக் காட்டி, “மெட்ஸ்கர் மொழிபெயர்ப்பில் கண்டவாறு” என்று எழுதுவதில் இழுக்கில்லை. பிறர் நூலில் பார்த்த அடிக்குறிப்பைப் பெயர்த்தெழுதி, மூலத்தையே வாசித்தவர்போல் நிற்பதுதான் இழுக்கு. அப்படிப் பெயர்த்தெழுதும்போது முதல்வர் செய்த அச்சுப்பிழையும் பக்க எண்ணோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. அதைக்கொண்டே தேர்வாளர் கண்டுகொள்கிறார்.