பொட்டலத்தில் இருப்பது என்ன டீ?

இஸ்தான்புல்லில் எமினோனு படகுத்துறைக்கு அருகே இருக்கும் மிசிர் சார்ஷி, 1660களில் கட்டி முடிக்கப்பட்ட பழைய மசாலா அங்காடி. கடைக்குக் கடை டீ குவிந்து கிடக்கும். காய்ந்த இலை, பூ, காய் ஒரு பக்கம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, பச்சை என்று பொடிகள் இன்னொரு பக்கம். கடைக்காரர் சின்ன கிளாஸில் ஊற்றிக் கொடுப்பார், நன்றாகத்தான் இருக்கும், கால் கிலோ வாங்கிவிடுவோம். ஊர் வந்து பெட்டியைப் பிரிக்கும்போது எது என்ன என்று தெரியாது. முழு இலையாக இருந்தால் நாட்டு மருந்துக் கடைப் பெரியவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். பொடியில் நரம்பு, விளிம்பு, காம்பு எல்லாம் அரைபட்டுப் போயிருக்கும். அதனால் வீட்டில் நாம் கண்டுபிடிக்கக்கூடியது எந்த வகைப் பொடி என்பதைத்தான். எந்தச் செடி என்பது பெரும்பாலும் ஆய்வகத்து வேலை.

முதல் காரியம், இரண்டு ஸ்பூன் பொடியை உலர்ந்த கண்ணாடிச் சீசாவில் எடுத்து மூடி, வாங்கிய இடத்தையும் தேதியையும் எழுதி ஒட்டிவிடுங்கள். பின்னால் யாருக்காவது காட்ட வேண்டி வந்தால் எதுவும் கலக்காத மாதிரி ஒன்று கையில் இருக்கும். குடித்துப் பார்ப்பது இப்போதைக்கு வேண்டாம். வாசனையை வைத்தும் முடிவு கட்ட வேண்டாம். ஆப்பிள் வாசனைக்கு ஆப்பிள் தேவையே இல்லை.

அடுத்து, பையைப் படியுங்கள். துருக்கி மொழி ரோமன் எழுத்தில்தான் இருக்கும், அப்படியே போனில் தட்டிப் பார்க்கலாம். ‘இச்சிந்தெகிலேர்’ என்பதற்குக் கீழே உள்ளதுதான் சேர்மானப் பட்டியல்; எடையில் அதிகமானது முதலில் வரும். முதல் சொல் ‘ஷெக்கெர்’ என்றால் நீங்கள் வாங்கியதில் அதிகம் இருப்பது சர்க்கரைதான். ‘அரோமா’ என்று வந்தால் சேர்க்கப்பட்ட வாசனை. ‘எல்மா’ ஆப்பிள், ‘நார்’ மாதுளை, ‘குஷ்புர்னு’ காட்டு ரோஜாக்காய், ‘உஹ்லமூர்’ லிண்டன் பூ, ‘அடாசாயி’ சேஜ் இலை. டிஆர்-34 என்று தொடங்கும் பதிவு எண் இருந்தால், பொருளைத் தயாரித்த இடம் இஸ்தான்புல் மாகாணத்தில் பதிவானது. பார்கோடு 868, 869 என்று தொடங்கினால் எண் துருக்கியில் வாங்கப்பட்டது என்று மட்டும் அர்த்தம். உள்ளே இருப்பது எங்கே விளைந்தது என்பதை அது சொல்லாது. குவியலிலிருந்து அள்ளிக் கட்டிய பொட்டலமாக இருந்தால் இதில் ஒன்றுமே கிடைக்காது. நேரே தண்ணீருக்குப் போக வேண்டியதுதான்.

ஒரு கிளாஸ் குளிர்ந்த தண்ணீரில் அரை ஸ்பூன் பொடியைத் தூவி, கலக்காமல் ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு கலக்குங்கள். அடியில் ஒன்றும் நிற்காமல் முழுதாகக் கரைந்துவிட்டால் அது மூலிகைப் பொடியே அல்ல. சர்க்கரை, சிட்ரிக் அமிலம், நிறம், வாசனை சேர்ந்த உடனடிக் கலவை. சுற்றுலாக்காரர்கள் அள்ளிக்கொண்டு வரும் ‘ஆப்பிள் டீ’ பெரும்பாலும் இதுதான். கெடுதல் ஒன்றும் பெரிதாக இல்லை, சர்க்கரை நோயாளிக்கு மட்டும் இதை மூலிகை என்று கொடுத்துவிடாதீர்கள். இலையையோ காயையோ அரைத்த பொடி கரையாது. ஊறி, உப்பி, அடியில் சேறாகத் தங்கும். உள்ளங்கையில் கொஞ்சம் தேய்த்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். சர்க்கரைக் கலவை வெயிலில் மினுங்கும், வியர்வை பட்டதும் பிசுபிசுக்கும். சேஜ் இலைப் பொடி பஞ்சு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், அந்த இலை முழுக்க ரோமம் என்பதால்.

சிவப்புப் பொடிக்கு ஆப்பசோடா போதும். கரைத்த நீரில் ஒரு சிட்டிகை போடுங்கள். நுரைத்தால் அதில் புளிப்பு இருக்கிறது, அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது நிறத்தை. செக்கச்செவேல் என்றிருந்தது நீலம் பாய்ந்த பச்சையாகவோ அழுக்குச் சாம்பலாகவோ மாறினால் செம்பருத்தி இனத்துப் புளிச்சையின் புல்லியிதழ் போன்ற இயற்கை நிறமி. அசையாமல் சிவப்பாகவே நின்றால் சாயத்தைச் சந்தேகிக்கலாம். காட்டு ரோஜாக்காய் டீயின் கருஞ்சிவப்பைப் பார்த்து மயங்காதீர்கள். அந்தக் காயைக் கொதிக்கவைத்தால் வருவது வெளிறிய ஆரஞ்சு நிறம். பையில் வரும் சிவப்பு பெரும்பாலும் கூடச் சேர்த்த புளிச்சையுடையது.

வெள்ளைப் பொடி என்றால் சாலெப்பாக இருக்கலாம். குளிர்காலத்தில் பாலில் காய்ச்சி, மேலே பட்டைத்தூள் தூவிக் குடிப்பார்கள். உண்மையான சாலெப், காட்டு ஆர்க்கிட் கிழங்குகளை வேகவைத்து உலர்த்தி அரைத்தது. நம் நாட்டு மருந்துக் கடைச் சாலாமிசிரியும் ஆர்க்கிட் கிழங்குதான். ஒரு கிலோவுக்கு ஆயிரக்கணக்கான கிழங்குகளைத் தோண்ட வேண்டும் என்பதால் துருக்கி அதை வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடை செய்திருக்கிறது. ஆர்க்கிட் இனங்கள் எல்லாமே, காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்துக்கான ‘சைட்டிஸ்’ உடன்படிக்கையின் கட்டுப்பாட்டிலும் இருக்கின்றன. ஆக, பயணிகளுக்குக் கிலோ கணக்கில் மலிவாக விற்கும் வெள்ளைப் பொடி அசலாக இருக்க வாய்ப்பு குறைவு. மருந்துக் கடை பொவிடோன் அயோடினை நீர்க்கச் செய்து ஒரு சொட்டு விடுங்கள். மை போலக் கருநீலமானால் மாவு நிறைய இருக்கிறது. கிழங்கிலும் கொஞ்சம் மாவுச்சத்து உண்டு, அதனால் இது ஒன்றே தீர்ப்பல்ல. இந்த இடத்தில் விலை, அயோடினைவிட நல்ல சாட்சி.

கரையாத பச்சைப் பொடிதான் விஷயமுள்ளது. பையில் ‘ஸாயுஃப்லாமா’ என்றோ ‘ஃபோர்ம்’ என்றோ இருந்தால் உடம்பு இளைக்க விற்பது. அப்படிப்பட்ட கலவைகளில் ‘சினாமெக்கி’ அடிக்கடி சேரும். அது வேறு ஒன்றுமில்லை, நம் நிலாவரை. திருநெல்வேலிச் சீமையில் விளைந்து, தூத்துக்குடி வழியாக வெகுகாலமாக உலகச் சந்தைக்குப் போகிற அதே இலை. இஸ்தான்புல்லில் விலை கொடுத்து வாங்கி வருவது நம்மூர்ப் பேதி மருந்தாகவே இருக்கலாம்! தினமும் குடித்தால் எடை குறைவது போலத் தெரியும். குறைவது தண்ணீர், கூடவே பொட்டாசியமும் போகும். இதைவிட மோசமானது ஒன்று உண்டு. இதய ஆபத்து காரணமாக 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்ட சிபுட்ராமின் மாத்திரையை, மூலிகை என்ற பெயரில் வரும் எடைக்குறைப்புப் பொருள்களில் கலந்து விற்றது பலமுறை பிடிபட்டிருக்கிறது. தண்ணீர், சோடா, அயோடின் எதுவும் அதைக் காட்டிக் கொடுக்காது. ‘சாரி கந்தாரோன்’ என்ற மூலிகையின் பெயர் இருந்தால் அதுவும் எச்சரிக்கை: வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, மனச்சோர்வு மருந்து சாப்பிடுகிறவர்கள் பக்கத்திலேயே போகக்கூடாது.

ஆகவே இளைக்க, சர்க்கரையை இறக்க, வலியைப் போக்க என்று விற்ற பச்சைப் பொடிக்கு அடையாளம் தெரியாவிட்டால் என் யோசனை, கொட்டிவிடுங்கள். ஏற்கனவே யாராவது குடித்து வயிற்றுப்போக்கோ படபடப்போ வந்திருந்தால் மட்டும் சீசாவுக்கு வேலை. மருத்துவரிடம் போகும்போது பொடியையும் பையையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். செடியை அறிய, மருந்தியல் கல்லூரியிலோ சித்த மருத்துவக் கல்லூரியின் குணபாடத் துறையிலோ நுண்ணோக்கியில் பார்க்க முடியுமா என்று கேட்கலாம். நிலாவரையின் கரடுமுரடான ஒற்றைச்செல் ரோமம் எவ்வளவு அரைத்தாலும் அங்கே தென்படும். கலந்த மாத்திரையை அறிய வேண்டுமானால் அது வேறு சோதனை. ஆய்வகத்தில் பொடியைக் கொடுக்கும்போதே, செடியையா மருந்தையா, எதைத் தேடச் சொல்கிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்.