பழைய பலகையும் புதிய புரொசசரும்

தலவாக்கலையை அண்டிய தோட்டப் பாடசாலையொன்றில் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், 2016ஆம் ஆண்டில் வாங்கிய தமது மேசைக் கணினியைப் புதுப்பிக்க விரும்பினார். அதிலிருந்தது இன்டெல் நிறுவனத்தின் ஆறாம் தலைமுறை புரொசசர். விண்டோஸ் 11 இயங்குவதற்கு எட்டாம் தலைமுறையேனும் வேண்டும் எனக் கேள்வியுற்று, கொழும்பிலுள்ள கடையொன்றில் பாவித்த எட்டாம் தலைமுறை புரொசசர் ஒன்றை வாங்கி வந்தார். இரண்டிலும் தொடுமுனைகள் 1151; புதியது பழைய குழியில் அச்சொட்டாக அமர்ந்தது. ஆனால் கணினி உயிர்பெறவில்லை. கடைக்காரரோ பணத்தைத் திருப்பித் தரவில்லை.

இதில் புரொசசரின் குறை எதுவுமில்லை. 2017 ஒக்டோபரில் மேசைக் கணினிகளுக்கான எட்டாம் தலைமுறையை வெளியிட்ட இன்டெல், சொக்கெட்டின் அளவை மாற்றவில்லை. மின்சாரம் பாயும் முனைகளின் ஒழுங்கை மாற்றி, 300 வரிசைச் சிப்செட் கொண்ட மதர்போர்ட்டையே அதற்கு உரியதாக்கியது. குழி பொருந்துவது வேறு, பலகை ஏற்றுக்கொள்வது வேறு என்பதைச் சாதாரண பாவனையாளருக்கு எவர்தான் எடுத்துச் சொல்கின்றனர்?

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. அதனால் நன்கு இயங்கும் கணினிகளும் திடீரெனப் பழையனவாகிவிட்டன. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை வருகைக் கொடுப்பனவுடன் சேர்த்து 1750 ரூபாவாக்க, 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது. அத்தகைய வருமானத்தில் சீட்டுப் பிடித்துப் பிள்ளைக்குக் கணினி வாங்கிய குடும்பத்திற்கு, பொருந்தாத ஒரு பாகம் என்பது பல நாட்களின் உழைப்பாகும்.

இன்டெல் இரண்டு அல்லது மூன்று தலைமுறைகளுக்கு ஒருமுறை சொக்கெட்டை மாற்றுவதை வழக்கமாகக் கொண்டுள்ளது. 2020இல் பத்தாம் தலைமுறையுடன் எல்ஜிஏ 1200 வந்தது. அது பதினோராம் தலைமுறையுடன் முடிந்தது. 2021இல் வந்த எல்ஜிஏ 1700, பன்னிரண்டு முதல் பதினான்கு வரையான தலைமுறைகளைத் தாங்கியது. 2024 ஒக்டோபரில் கோர் அல்ட்ரா 200 வரிசைக்காக எல்ஜிஏ 1851 வந்தது. 2026ஆம் ஆண்டின் இறுதியை இலக்காகக் கொண்டு அறிவிக்கப்பட்ட நோவா லேக்கிற்கும் புதிய சொக்கெட்டே வரும் எனத் துறைசார்ந்தோர் எதிர்பார்த்தனர். எனவே "இப்போது மலிவான புரொசசரைப் போடுங்கள், பின்னர் மாற்றிக்கொள்ளலாம்" என்று எந்தக் கடைக்காரராவது கூறினால், எந்தச் சொக்கெட்டை நம்பிச் சொல்கிறார் என்று கேட்பது நல்லது.

ஏ.எம்.டி. நிறுவனம் இவ்விடயத்தில் தாராளமாக நடந்துகொண்டது என்றே கூறவேண்டும். 2017இல் முதலாவது றைசனுக்காகச் சந்தைக்கு வந்த ஏஎம்4 பலகைகள் பலவற்றில், பயோஸ் மென்பொருளைப் புதுப்பித்ததும் 2020இல் வெளியான றைசன் 5000 வரிசை இயங்கிற்று. 2022இல் அறிமுகமான ஏஎம்5 சொக்கெட்டை 2027க்கு அப்பாலும் ஆதரிப்பதாக அந்நிறுவனம் அறிவித்துள்ளது. படிப்படியாக மேம்படுத்த எண்ணுவோருக்கு இதுவே உகந்த வழி என்பது எமது எண்ணம்.

அடுத்தது ரெம் எனப்படும் நினைவகம். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் பார்வைக்கு ஒத்திருந்தாலும், நடுவிலுள்ள வெட்டின் இடம் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. ஏஎம்5, எல்ஜிஏ 1851 ஆகியன டிடிஆர்5ஐ மட்டுமே ஏற்கும். எல்ஜிஏ 1700 பலகைகளிலோ இருவகையும் உண்டு. எந்த வகையென்பதைப் பார்த்தே வாங்கவேண்டும். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதால், 2025இன் இறுதியில் ரெம் விலை கடுமையாக உயர்ந்தது. கையிலுள்ள டிடிஆர்4ஐ வீசாதிருப்பதே புத்தி.

மதர்போர்ட் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில், அப்பலகை ஏற்கும் புரொசசர்களின் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் தேவையான பயோஸ் பதிப்பும் இருக்கும். பழைய புரொசசரைக் கழற்றுமுன் பயோஸைப் புதுப்பிக்கவேண்டும்; பின்னர் செய்வது பல பலகைகளில் இயலாது. அவ்வேளையில் மின்சாரம் நின்றால் பலகையே பழுதாகக்கூடும். 150 மெகாவாட் மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் அணை தலவாக்கலையில்தான் உள்ளது. ஆயினும் இடிமின்னலுடன் மழை பெய்யும் பிற்பகலில் மின்சாரம் நிற்காது என எவரும் உறுதிகூற முடியாது. யூபிஎஸ் ஒன்றை இரவல் வாங்கியேனும் இணைத்துக்கொள்ளவேண்டும். பாவித்த 13ஆம், 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வாங்குவோருக்கும் பயோஸ் புதுப்பிப்பு அவசியம். மிகை மின்னழுத்தத்தால் அவற்றுட் சில பழுதானதை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது.

பாடம் தட்டெழுதவும் இணையம் பார்க்கவும் மட்டுமெனில், ஆறாம் தலைமுறைக் கணினியில் எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, உபுண்டு போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவினாலே போதும். அதில் யூனிகோட் தமிழும் எழுதலாம். ஆனால் எமது ஆசிரியரின் பாடசாலையில் பயன்படுத்தும் மென்பொருள் விண்டோஸையே கேட்டது. ஆகவே அவர் பாவித்த 300 வரிசைப் பலகையொன்றைத் தேடி வாங்கினார். பழைய டிடிஆர்4 ரெம் அதில் பொருந்தியது. வீணானதாக நினைத்த புரொசசரும் இயங்கிற்று. பாதுகாப்புச் சில்லு இல்லையெனக் கூறி விண்டோஸ் 11 முதலில் மறுத்தது. அவ்வசதி பலகையிலேயே இருந்தது. பயோஸில் அணைத்து வைக்கப்பட்டிருந்ததை இயக்கியதும் நிறுவல் தொடங்கியது.